ஆமை நினைத்துப் பொரிக்குமா?

பறவை தன் முட்டையைத் தொட்டுப் பொரிக்கும், மீன் கண்ணாற் பார்த்துப் பொரிக்கும், ஆமையோ எங்கோ இருந்துகொண்டு நினைத்தே பொரிக்கும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். குருவானவர் மாணாக்கனுக்குச் செய்யும் தீட்சையின் வகைகளை விளக்கப் புகுந்த சைவப் பெரியார் இம்மூன்றையும் உவமையாக எடுத்தாண்டனர். நாம் சிறுவராயிருந்த காலத்தில், கோயில் மண்டபத்திலே பிரசங்கியார் ஒருவர் இதனைச் சொல்லக் கேட்டு, கடலுக்குள் இருந்தவாறே கரையிலுள்ள தன் முட்டைகளை நினைந்துகொண்டிருக்கும் தாய் ஆமையை மனத்திற் கண்டு வியந்ததுண்டு. பிற்காலத்தில் விலங்கியல் கற்றுப் பட்டம் பெற்று, கல்லூரியொன்றிலே அதனையே கற்பிக்கும் தொழிலுக்கு வந்த பின்னர், உவமையை உவமையாக வைத்துக்கொண்டோம். ஆனால் ஆமை நினையாவிட்டால் அந்த வேலையைச் செய்வது யார் என்ற கேள்வியை நாம் ஒருநாளும் ஊன்றிக் கேட்டோமில்லை. கேளாமல் விட்டதன் பலனை ஆறு முட்டைகள் அனுபவித்தன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடைப்பட்ட கிராமமொன்றிலிருந்து எமது கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், ஒருநாட் காலை மணியடிக்கும் முன்னரே ஆய்வுகூட வாசலில் வந்து நின்றான். கையிலே சாப்பாட்டுப் பெட்டி. அதனுள் பஞ்சுக்கு நடுவே ஆறு வெள்ளை முட்டைகள். கோழி முட்டையிலும் சிறியவை, ஓடு உறுதியானது. வீட்டுக் காணியைப் பெக்கோ இயந்திரம் கொண்டு மட்டப்படுத்தியபோது மண்ணோடு மண்ணாக அள்ளுண்டு வந்தவை என்றான்.

“நட்சத்திர ஆமை முட்டை சேர். அம்மா எறியச் சொன்னவ. பொரிக்க வைக்கலாமோ?”

வைக்கலாம் என்றோம். ஏன் சொல்லமாட்டோம்? எமது ஆய்வுகூடத்திலே மாணவர் செய்த மரப்பெட்டி ஒன்று உண்டு. உள்ளே ஒரு மின்குமிழ், ஒரு வெப்பநிலைநிறுத்தி, ஒரு கோப்பை தண்ணீர். அதில் வைத்த கோழி முட்டைகள் இருபத்தோராம் நாள் தவறாமற் பொரித்து, குஞ்சுகள் அதிபரின் அறைவரை ஓடித் திரிந்த பெருமை எமக்கு இருந்தது. அதே பெட்டியில், அதே 37.5 பாகை செல்சியசில், இந்த ஆறினையும் வைத்தோம். ஒருபுறம் வட்டமும் மறுபுறம் புள்ளடியும் பென்சிலால் இட்டு, காலையும் மாலையும் புரட்டினோம். பிள்ளைகள் முறைவைத்துச் சனி ஞாயிறுகளிலும் வந்து புரட்டினார்கள். அவ்வளவு சிரத்தையோடு ஒரு கொலையைச் செய்தவர் உலகத்தில் வேறெவரும் இருக்கமாட்டார்.

நாற்பதாம் நாள் பெட்டியிலிருந்து நாற்றம் எழுந்தது. உடைத்துப் பார்த்தபோது ஐந்து வெறுங் கூழ்முட்டைகள். ஆறாவதில் மாத்திரம், மஞ்சட்கருவின் மேல், மெல்லிய செந்நூல் போன்ற இரத்த வளையம் ஒன்று காய்ந்து கிடந்தது. ஓர் உயிர் தொடங்கிப் பார்த்து நின்றுபோன அடையாளம் அது.

“சேர், நான் மண்ணுக்கையே திரும்பத் தாட்டிருந்தால்?” என்று அவன் கேட்டான். பெக்கோ வந்த காணியிலே தாட்டும் பயனில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அது முழு விடையன்று என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அன்றிரவு தொடங்கிப் படித்தவற்றையே இன்று வாசகர்களுக்குச் சொல்லப் போகின்றோம்.

சமையலறையிலே கோழி முட்டையை உடைத்துக் கோப்பையில் ஊற்றும் சகோதரியர், மஞ்சட்கருவின் இருபுறமும் முறுக்கிய வெள்ளைக் கயிறு போன்ற ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பர். அது கெட்டுப்போன முட்டையின் அடையாளமென்று சிலர் எடுத்தெறிவதும் உண்டு. உண்மையில் அது இறைவன் கட்டிய ஏணைக் கயிறு. மஞ்சட்கருவை முட்டையின் நடுவே தொங்கவிட்டு, முட்டை எப்புறம் உருண்டாலும் முளையம் மேற்புறம் வரும்படி செய்வது அதுவே. அடைகிடக்கும் கோழி அலகால் முட்டைகளை ஓயாது புரட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புரட்டாவிட்டால் முளையம் ஓட்டின் உட்சவ்விலே ஒட்டிக்கொண்டு வளர்ச்சி கெடும்.

ஊர்வனவற்றின் முட்டையில் அந்தக் கயிறு இல்லை. ஆமையானாலும், முதலையானாலும், முட்டை நிலத்திற் கிடந்த சிறிது நேரத்தில் முளையம் மஞ்சட்கருவின் உச்சிக்கு எழும்பி, அங்கே ஓட்டின் உட்புறச் சவ்வோடு தன்னைப் பொருத்திக்கொள்கிறது. அந்தப் பொருத்தின் வழியாகவே அது மூச்சு வாங்கும். முதலை முட்டையில் இது ஏறக்குறைய ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். வெளியிலிருந்தும் அதனைக் கண்டுகொள்ளலாம்: முதலில் முட்டையின் உச்சியிலே சுண்ணாம்பு பூசினாற் போல ஒரு வெண்புள்ளி தோன்றும், பின்னர் அது நாளாக ஆக நடுவயிற்றைச் சுற்றிப் பட்டியாகப் படரும். அப்படிப் பொருந்திய முட்டையைப் புரட்டினால் என்ன ஆகும்? மஞ்சட்கருவின் பாரம் முழுவதும் நெல்லளவும் வளராத முளையத்தின் மேல் அமுங்கும். சவ்வும் இரத்தக் குழாய்களும் கிழியும். ஆக, ஒட்டினாற் கோழி சாகும். ஒட்டாவிட்டால் ஆமை சாகும். நாம் பென்சிலால் இட்ட வட்டமும் புள்ளடியும் கோழி நூலில் இருந்தவை. ஆமை நூலில் உள்ளது மேற்புறத்தில் ஒரே ஒரு குறி. அந்தக் குறி கடைசிவரை வானத்தைப் பார்த்தபடியே இருக்கவேண்டும்.

இதனை அளந்து காட்டியவர்கள் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கடலாமை ஆய்வாளர். கொலின் லிம்பசும் அவருடைய தோழர்களும் பெருந்தலை ஆமையின் முட்டைகளை இட்ட பின்னர் வெவ்வேறு காலத்திற் புரட்டிப் பார்த்து, அசைவினால் மாத்திரமே முளையங்கள் இறப்பதை 1979இல் எழுதினர். கடலாமைக்கு இதிலே ஒரு சலுகை உண்டு. தாயின் வயிற்றுக்குள் இருக்கும்வரை ஒட்சிசன் போதாமையால் முளையம் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிக்கொண்டிருக்கும். முட்டை மணலில் விழுந்து காற்றுப் பட்டதும் விழித்துக்கொள்ளும். எனவே முட்டையிட்ட முதற் சில மணி நேரத்துக்குள் எடுத்துச் சென்றால் ஆபத்துக் குறைவு. சென்னைக் கடற்கரையிலே 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவிரவாக மைல் கணக்கில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி எடுத்து, அதே இரவில் வேலியடைத்த இடத்திற் புதைத்து வருவதன் காரணமும் இதுவே. விடியும்வரை காத்திருந்து ஆறுதலாக எடுத்துப் போகலாமே என்று நம்மைப் போன்ற சோம்பேறிகள் கேட்கலாம். விடிந்தால் நேரம் தப்பிவிடும்.

எமது மாணவனின் முட்டைகளோ பெக்கோவின் வாளியிற் புரண்டு, சாப்பாட்டுப் பெட்டியிற் குலுங்கி, சைக்கிளில் ஏழு மைல் வந்தவை. எனினும் ஒன்றில் இரத்தம் ஓடிற்றே! அந்த ஒன்றையாவது எமது பெட்டியின் சூடு கொல்லாமல் விட்டிருக்கலாம்.

சூட்டினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கோழிக்கு 37.5 பாகை தாயின் நெஞ்சுச் சூடு. ஊர்வனவற்றின் முட்டைக்கு அது சுடுகாடு. அவற்றுட் பெரும்பாலானவை 28 முதல் 32 பாகை வரையுள்ள இளஞ்சூட்டிலேயே நன்கு வளர்வன. மண்ணுக்குள்ளே கை புதைத்தால் உணரும் சூடு அது. அந்த நான்கைந்து பாகைக்குள் ஒரு பெரிய தீர்ப்பு நடைபெறுகின்றது. பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்ற தீர்ப்பே அது.

மனிதரில் இதனைத் தந்தையிடமிருந்து வரும் நிறமூர்த்தம் முடிவு செய்கின்றது என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். முதலைகளுக்கும் பெரும்பாலான ஆமைகளுக்கும் சில பல்லி, ஓணான் வகைகளுக்கும் அத்தகைய பால் நிறமூர்த்தம் கிடையாது. முட்டை மண்ணிற் கிடக்கும் காலத்தின் நடுப்பகுதியிலே நிலவும் வெப்பமே முடிவு செய்கின்றது. 1966இல் மடலீன் சார்ணியே என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, ஆபிரிக்காவின் செனகல் நாட்டிலே ஒருவகை ஓணானின் முட்டைகளை வைத்துப் பார்த்தபோது இதனை முதன்முதலாகக் கண்டெழுதினார். முட்டையிட்ட தாய்க்கே தெரியாத ஒன்றை மண் தீர்மானிக்கின்றது என்றால் நம்புவது எளிதன்று. எழுதிய காலத்தில் அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே.

நமக்கு அண்மையில் இதனைத் துருவி ஆராய்ந்த இடம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை. ரொமூலஸ் விற்றேக்கரும் அவருடைய நண்பர்களும் 1976இல் அமைத்தது. இரணைமடு முதல் முத்தையன்கட்டு வரை நம் குளக்கட்டுகளில் வாயைத் திறந்து வெயில் காயும் அதே குளத்து முதலையின் முட்டைகளை அங்கே வைத்து, ஜெப்ரி லாங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1980களில் வெப்பத்தைப் பாகை பாகையாக மாற்றிப் பார்த்தார். 31 பாகையிலும் அதற்குக் கீழும் வைத்தவை யாவும் பெண்ணாயின. 32.5 பாகைக்கு அண்மையில் வைத்தவை ஆணாயின. ஒன்றரைப் பாகைதான் இடைவெளி! காய்ச்சற்காரனுக்கு வெப்பமானி வைக்கும் தாய்மார் இது எவ்வளவு சிறிய வேறுபாடு என்பதை உணர்வர்.

கடலாமையில் முறை வேறு. அதற்கு ஏறத்தாழ 29 பாகை நடுக்கோடு. அதற்குக் கீழே குளிர்ந்த மணலில் ஆணும், மேலே சுடுமணலிற் பெண்ணும் மிகும். பூமி சூடேறி வருகின்ற இக்காலத்தில் இது வெறும் பாடப்புத்தகச் செய்தியன்று. அவுஸ்திரேலியாவின் வடபகுதிப் பெருந்தடுப்புப் பவளப்பாறையைச் சேர்ந்த இளம் பேராமைகளை ஆராய்ந்தவர்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை பெண் என்று 2018இல் அறிவித்தனர். மாப்பிள்ளை கிடையாத ஊர் எத்தனை நாளைக்கு ஊராக இருக்கும்? முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை நீளும் நம் கரையிலே ஆமை ஏறிய தடத்தைக் கண்டிருக்கும் கடற்றொழிலாளர், அந்த மணலின் சூட்டை வெறுங்காலால் அறிவர். அளந்து குறித்து வைக்க ஒரு கல்லூரியேனும் முன்வந்தால் நன்று. வெப்பமானியின் விலை பெரிதன்று.

மூன்றாவது தவறு ஈரம். கோழி முட்டைக்கு ஒரு கோப்பை தண்ணீரின் ஆவி போதும். பாம்பு முட்டையும் உடும்பு முட்டையும் தோல் போன்ற மெல்லோடு உடையவை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி, இட்ட நாளிலும் பொரிக்கும் நாளிற் பெருத்துக் காணப்படும். காய்ந்த மண்ணிலே அவை குழிவிழுந்து சுருங்கும். கடலாமை முட்டை மேசைப் பந்து போல வளைந்து கொடுக்கும். முதலை, தரை ஆமை, வீட்டுப் பல்லி ஆகியவற்றின் முட்டைக்கு உறுதியான சுண்ண ஓடு உண்டு. அவை அவ்வளவாக நீர் கேளா, ஆயினும் வறண்ட மின்குமிழ்ச் சூட்டில் மாதக் கணக்காகக் கிடக்கவும் மாட்டா. ஈரம் மிகுந்தாலும் தீங்கு. மண்ணின் துளைகளை நீர் அடைத்தால் முளையம் மூச்சு முட்டும். நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் ஒரே குழியிற் கிடக்கும் பங்குனி ஆமையின் கூட்டில், பொரிக்கும் நாள் நெருங்கும்போது நூறு வாய்கள் ஒட்சிசன் கேட்கும் என்பதை எண்ணிப் பார்க்க.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, ஆமை நினைத்துப் பொரிக்கும் என்ற வாக்கை மறுபடி எண்ணிப் பார்த்தோம். நட்சத்திர ஆமை இடந்தேடித் திரிந்து, நிலம் இறுகியிருந்தால் தன் உடலிலிருந்தே நீர்விட்டு இளக்கி, பின்னங்கால்களால் குடுவை போன்ற குழியைத் தோண்டி, இட்டு, மூடி, வயிற்றால் அமுக்கி மட்டப்படுத்திவிட்டுப் போகின்றது. உடும்பு கறையான் புற்றைத் தோண்டி உள்ளே இடுவதுண்டு. புற்றின் உட்புறம் வெயிலிலும் மழையிலும் பெரிதாக மாறாத சூடும் ஈரமும் உடையது. இன்ன இடத்திலே, இன்ன ஆழத்திலே, எவ்வளவு நிழலில் என்பதை முட்டையிடும் முன்னரே நினைத்து முடித்துவிடுகிறது தாய். பிறகு நினைக்க வேண்டிய தேவை அதற்கில்லை.

எல்லா ஊர்வனவும் இட்டுவிட்டுப் போய்விடுபவையும் அல்ல. குளத்து முதலைத் தாய் கூட்டருகே காவல் கிடந்து, முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தும் ஓசை கேட்டதும் மண்ணைக் கிளறி, குஞ்சுகளை வாயிற் கௌவி நீரிலே கொண்டுபோய் விடும். தந்தை முதலையும் இவ்வாறு செய்வதை வடநெம்மேலியிற் கண்டனர். வெங்கிணாந்தி இனத்தின் கதை இன்னும் சுவையானது. பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தன் உடற்சூட்டால் அடைகாக்கின்றது என்று லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கல்கத்தாவிற் கண்டதை 1832இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். குளிர்ந்த இரத்தப் பிராணியாவது சூடு கொடுப்பதாவது என்று கற்றோர் அதனை ஒதுக்கிவிட்டனர். 1841இல் அதே பாரிஸ் நகரத்து விலங்குச் சாலையிலே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டுச் சுருண்டது. வலன்சியென் என்னும் பேராசிரியர் சுருளுக்குள் வெப்பமானியை நுழைத்துப் பார்க்க, அறையின் காற்றிலும் வேறுபாடு நன்கு தெரியும்படி சுருள் சூடாக இருந்தது. நடுக்கக் காய்ச்சல் வந்தவர் உடல் குலுங்குவது போல, தாய்ப் பாம்பு தன் தசைகளை இடைவிடாது சுருக்கிச் சூடு உண்டாக்குகின்றது என்பது 1966இல் நியூயோர்க்கிலே நுணுக்கமாக அளக்கப்பட்டது. கல்கத்தாவில் இதனை முதலிற் பார்த்த பாம்பாட்டிகள் அதற்கு எத்தனை தலைமுறைக்கு முன் பார்த்தார்களோ, அவர்களை எவரும் கேட்டதில்லை.

மேலைநாடுகளிலே ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பது ஒரு பெரும் பொழுதுபோக்கு. அவர்கள் முட்டை வைக்கும் முறையும் நாம் மேலே சொன்ன இலக்கணத்தின்படியே அமைந்தது. சூளையிற் பொரித்தெடுத்த வேர்மிகுலைட்டு என்ற கனிமத் துகளை நீரோடு பிசைந்து, மூடியுள்ள பெட்டியில் இட்டு, முட்டையைப் பாதி புதையும்படி வைத்து, உச்சியிற் குறியிட்டு, வெப்பத்தைக் கால் பாகை பிசகாமற் காப்பர். இருட்டறையிலே சிறு விளக்கை ஓட்டோடு பிடித்து இரத்தக் குழாய்களின் கொடி ஓடுவதைப் பார்ப்பர், அப்போதும் புரட்டமாட்டார். சிறுத்தைப் பல்லி என்று அவர்கள் அழைக்கும், இந்தியாவின் வடமேற்கிலும் பாகிஸ்தானிலும் வாழும் பல்லியின் முட்டையை 26 பாகையில் வைத்துப் பெரும்பாலும் பெண்ணாகவும், 32.5இல் வைத்துப் பெரும்பாலும் ஆணாகவும் பெறுவது அவர்களுக்குக் கைவந்த கலை. அவுஸ்திரேலியாவின் தாடி ஓணானிலோ விந்தை வேறு: அதற்குப் பால் நிறமூர்த்தம் உண்டு, ஆயினும் சூடு மிகுந்தால் ஆணாய்ப் பிறக்கவேண்டியது பெண்ணாகிவிடும். அந்தப் பெண்ணும் முட்டையிடும்.

இதனைப் படித்துவிட்டு நம் மாணவர் எவரும் ஆமை முட்டை தேடிக் காட்டுக்குப் போகவேண்டாம். எமது முதற் குற்றம் சூடோ புரட்டலோ அன்று. அந்த முட்டைகளை ஆய்வுகூடத்துக்குள் ஏற்றுக்கொண்டதே. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் நட்சத்திர ஆமையையும், ஐந்து இனக் கடலாமைகளையும், முதலையையும், மலைப்பாம்பையும் காக்கின்றன. முட்டையை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றமே. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் இதனை அறியாதிருந்தார் என்பது வெட்கத்துக்குரியது. பெக்கோ கிளப்பிய முட்டைகளைக் கண்டவுடன் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறையான வழி. நட்சத்திர ஆமையின் ஓட்டு அழகே அதற்குச் சத்துரு. பயணப் பெட்டிக்குள் உடுப்போடு உடுப்பாக அடுக்கிக் கடல் கடத்தும் கூட்டம் பெருகியதால், 2019இல் ஜெனீவாவிற் கூடிய உலக நாடுகள் அதன் வணிகத்தை மிகக் கடுமையான தடைப் பட்டியலுக்கு உயர்த்தின. 2009இல் போர் ஓய்ந்து, மக்கள் மீளக் குடியேறி, காடேறிக் கிடந்த காணிகள் துப்புரவாகத் தொடங்கியபின், வன்னி மண்ணிலே இயந்திரம் கிளறாத இடம் வரவரக் குறைகின்றது. குடியேறிய சனத்தைக் குறை சொல்ல நாம் யார்? அவர்களுக்கும் காணி வேண்டும். கிளறும்போது ஒரு கண்ணை மண்ணில் வைத்திருக்கலாம் என்பதே எமது வேண்டுகோள்.

வீட்டுப் பிள்ளைகளுக்குப் பார்க்கக் கிடைப்பவை வேறு இருக்கின்றன. சுவரில் ஊரும் பல்லியின் வயிற்றைக் கீழிருந்து உற்றுப் பாருங்கள். சினைப்பட்டதாயின் மெல்லிய தோலுக்கூடாக இரண்டு வெள்ளை முட்டைகள் தெரியும். படத்தின் பின்னாலும், அலுமாரி இடுக்கிலும், பூட்டுத் துவாரத்திலும் அவற்றை இடும். இட்ட இடத்திலே விட்டு, நாட்காட்டியிற் குறித்துவிட்டுப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில், சில வேளை அதற்கும் பிந்தி, ஓட்டில் ஓட்டை விழும். பல்லி விழுந்த பலனுக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டும் நாம், பல்லியின் முட்டையை ஒருநாளும் பார்த்ததில்லையே! முதல் மழை பெய்து மண் இளகியதும் வேலி ஓணான் மரத்தைவிட்டு இறங்கி, முற்றத்து மண்ணைத் தோண்டி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இட்டு மூடி, மூக்கால் குத்திக் குத்தி மண்ணை இறுக்குவதும் காணத்தக்க காட்சி. கல்லெறியும் வழக்கத்தைப் பையன்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கேனும் நிறுத்திவைத்தால் முழுவதையும் பார்க்கலாம்.

இவ்வாண்டு ஆனி மாதப் பிற்பகுதியில் விசுவமடுப் பக்கத்திலிருந்து எமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் முதியவரான விவசாயி. அவருடைய பேரன் எம்மிடம் படிப்பவன்.

“மாஸ்ரர், கிணத்தடி வாய்க்கால் ஓரத்தில ஆமை ஒண்டு குழி தோண்டுது. வந்து பாக்கிறியளோ?”

நாம் போய்ச் சேரும்போது பொழுதுபட்டுவிட்டது. ஆமை போய்விட்டது. ஈரமாக அமுக்கிய உள்ளங்கையளவு மண்தான் இருந்தது. நாலு முட்டை இட்டதைத் தாம் எண்ணியதாகப் பெரியவர் சொன்னார். “வீட்டில அடைக்கோழி ஒண்டு கிடக்கு. எடுத்து அதுக்குக் கீழ வைக்கட்டோ?” என்றும் கேட்டார். எமக்கு உடல் சிலிர்த்தது.

“வேண்டாம் ஐயா. கை வைக்காதேங்கோ. கிடந்தபடி கிடக்கட்டும்.”

கீரியும் பன்றியும் நரியும் கிளறாதபடி, நாலு தடி நட்டுக் கம்பிவலை கட்டி, மேலே காரைமுள் போட்டோம். பெரியவர் வாய்க்காலை ஒரு முழம் விலக்கி வெட்டினார். திணைக்கள அலுவலருக்கும் அறிவித்தோம். சாப்பாட்டுப் பெட்டியோடு அன்று வாசலில் நின்ற மாணவன் இப்போது உயர்தர வகுப்பில் இருக்கின்றான். குழியிலிருந்து இரண்டு முழம் தள்ளி, அதே மண்ணில், அதே ஆழத்தில் ஒரு வெப்பமானியை அவனே புதைத்தான். சனிக்கிழமைதோறும் சைக்கிளிற் போய் அப்பியாசக் கொப்பியிற் குறித்து வருகின்றான். மற்ற நாட்களிற் பெரியவரின் பேரன் குறிக்கின்றான். காலையில் 28, பிற்பகலில் 31. ஆவணி வெயிலில் ஒருநாள் 32ஐ எட்டியபோது இருவரும் பயந்துபோய்ப் பெரியவரிடம் கிடுகு வாங்கி நிழல் கட்டினார்களாம். எம்மிடம் கேட்கவில்லை, எமது பெட்டியின் கதை அவர்களுக்கு நினைவிருக்கிறது போலும்.

நட்சத்திர ஆமை முட்டைக்கு நாட்கணக்கு உறுதியில்லை. மூன்று மாதத்திலும் பொரிக்கும், ஐந்து மாதமும் கிடக்கும். இதனை எழுதும் இன்று 118ஆம் நாள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. நேற்றிரவு பெரியவர் பேசினார்.

“ஒண்டும் வெளியால வரேல்லை மாஸ்ரர். மண் மட்டும் நடுவில கொஞ்சம் இளகிக் கிடக்கு. மழைக்கோ என்னவோ தெரியேல்லை.”

வருகிற சனிக்கிழமை அவனோடு நாமும் போகவிருக்கின்றோம்.